சுவருக்கு வைத்த பொட்டு

ஒரு சாமானைச் செய்து முடித்துவிட்டால் அவர் அதன் பக்கத்தில் நிற்கமாட்டார். தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். யாராவது வருகிறார்களா, வந்தவர்கள் அதைத் தொடுகிறார்களா என்று அங்கிருந்து எட்டி எட்டிப் பார்ப்பார். முப்பத்தைந்து வயதுப் பெண், பெரிய படிப்புப் படித்தவர், கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி ஒளிந்து நிற்பது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

அடையாறில், ஆறு கடலோடு சேர்கிற பக்கமாக, ஒரு ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். நான் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். டீ போடுவதும் பெருக்குவதும் என் வேலை. அதற்கு முன் நான் வேலை பார்த்த கட்டடங்கள் மாதிரி இல்லை அது. மொட்டை மாடியில் விழுகிற மழையெல்லாம் கீழே தொட்டிக்குப் போய்ச் சேரும். கடல்காற்று உள்ளே வருவதற்காகச் செங்கல் சுவரில் பொத்தல் பொத்தலாக விட்டிருந்தார்கள். ஏ.சி. கிடையாது. பகலில் விளக்குப் போடவேண்டிய இடமே ரொம்பக் கம்மி. கரண்ட் சாப்பிடாத கட்டடம் என்று மேஸ்திரி பேர் வைத்திருந்தார். "நம்மள பட்டினி போட்டது பத்தாதுன்னு கட்டடத்தையும் பட்டினி போடறாங்கமா" என்பார்.

அந்தக் கட்டடத்தின் முன் ஹாலில் வைப்பதற்குச் சில சாமான்கள் செய்து தருவதுதான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வேலை. தொட்டால் அசைகிற, எதிரே நின்றால் திறக்கிற சாமான்கள். எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவராகவே ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

"இந்தக் கட்டடம் என்ன பண்றதுன்னு உள்ள உக்காந்து வேலை செய்யறவங்களுக்குத் தெரியணும்க்கா. தெரியலைன்னா ஆறே மாசம்தான். ஜன்னலைச் சாத்திட்டு ஏ.சி. போடுங்கன்னு கேப்பாங்க."

அங்கே எல்லாரும் அவரை மேடம் என்று கூப்பிட்டார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் பார்க்கிற வரைக்கும் நிற்பேன். அவர்தான் என்னை முதல் நாளிலிருந்தே அக்கா என்றார்.

மயிலாப்பூர் வீட்டிலிருந்து அவருடைய அம்மா தினமும் மத்தியானம் ஆபீஸ் கொட்டகைக்குப் போன் செய்வார். எங்களோடு பேசுகிற பேச்சு போனை எடுத்ததும் மாறிவிடும். "சாப்டுண்டுதாம்மா இருக்கேன். ஆத்துக்கு வந்து சொல்றேன்" என்பார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் ஜன்னல் மேலேயே இருக்கும். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பொய் சொல்லலைக்கா. சாப்பிடப் போறேன்ல, அதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன்" என்பார். பல நாள் சாயங்காலம் அந்தத் தயிர்சாதத்தை வாசல் நாய்க்குத்தான் போட்டிருக்கிறேன்.

மேஸ்திரி அவரைச் சும்மா விடமாட்டார்.

"இன்னா மேடம், கொலு எப்போ? சுண்டல் உண்டா?"

"உண்டு மேஸ்திரி. நீங்க முதல்ல படியைக் கட்டி முடிங்க. படி இல்லாம எங்கேர்ந்து கொலு வைக்கிறது?"

மாடிப்படி வேலை மேஸ்திரியால் இரண்டு மாசமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. சித்தாள் பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி ஒருவாரம் கொலுவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர் முதலில் செய்து முடித்தது ஒரு கண்ணாடிக் குழாய். ஆள் உயரம் இருக்கும். உள்ளே தண்ணீர், தண்ணீர் மேல் ஒரு சிவப்புப் பந்து. அது ஏதோ அழகுக்கு வைத்தது என்றுதான் நினைத்தேன். ஹால் ஓரத்துக் குழாயடியில் நான் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய்க் குழாயை மூடினேன். பந்து ஏறிவிட்டது. மறுபடி திறந்தேன். இறங்கியது. கட்டடத்தில் எந்தக் குழாயைத் திறந்தாலும் அந்தப் பந்து இறங்கும் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தோன்றியது எங்கள் தெரு அடிபம்புதான். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடப்பது. குழாயை மூடிவிட்டு ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து மிச்ச டம்ளர்களை அதில் கழுவினேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து அவர் ஓடி வந்தார். என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாராவது சொன்னாங்களா உங்ககிட்ட?"

"இல்லீங்க."

"அதான். யாரும் சொல்லலை. நீங்களே மூடிட்டீங்க."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. ஒரு குழாயை மூடியதற்கு ஒருத்தர் இவ்வளவு சந்தோஷப்படுவார் என்றால் இன்னும் பத்துத் தடவை மூடலாம் போலிருந்தது எனக்கு.

சொல்லாமல் புரியவேண்டும். அவருக்கு எல்லாமே அதுதான். எதன் பக்கத்திலும் எழுதி ஒட்டமாட்டார். மேனேஜர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

"இங்கே நிற்கவும், இதைத் தொடவும், இதைத் தொடாதீர்கள்னு நாலு போர்டு வெச்சுட்டாப் போச்சு மேடம். நம்ம ஜனங்க எதையும் சொன்னாத்தான் செய்வாங்க."

"போர்டு வெச்சா நான் தோத்துட்டேன்னு அர்த்தம் சார்."

அதனால்தான் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்க வைத்தார். நான் எதையும் தொடமாட்டேன். சின்ன வயதிலிருந்து வேலை செய்த வீடுகளில், ஆபீஸ்களில், அதைத் தொடாதே இதைத் தொடாதே என்று கேட்டுக் கேட்டு, துடைக்கிற சாமானைக்கூடத் துணி மேல் கை வைத்துத்தான் தொடுவேன். "இந்த அக்காவே கையை வெச்சுட்டாங்கன்னா ஊரே வைக்கும்" என்பார்.

மேனேஜர் வேறு மாதிரி ஆள். அவருக்குச் சாமான் சேதமாகக் கூடாது, பேர் கெடக் கூடாது. வாட்ச்மேன் ஒருத்தர் தன் ஈரச்சட்டையை அந்தக் கண்ணாடிக் குழாயின் கம்பியில் காயப் போட்டுவிட்டார். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சாமானைச் செய்தவர்தான் போய் மேனேஜரிடம் நின்றார். "சட்டை காயப் போட்டதுல ஒண்ணும் ஆகலை சார், கம்பி அந்த இடத்துல இருந்தது என் தப்பு" என்றார். நடக்கவில்லை. மறுநாளும் போய்க் கேட்டார். வாட்ச்மேன் குடும்பம் படப்பையோ எங்கேயோ போய்விட்டது. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும்.

பெரிய வேலை சுவர்தான். ஹாலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும். பித்தளைத் தகட்டில் வெட்டிய இலைகள் நூறு நூற்றைம்பது, சுவர் முழுக்க மெல்லிய கம்பியில் தொங்கும். சுவருக்குப் பின்னால் மொட்டை மாடி வரை போகிற காற்றுக் கூண்டு. எதிரே யாராவது வந்து நின்றால் கூண்டின் உச்சியில் ஒரு பலகை திறக்கும். ஹாலில் இருக்கும் புழுக்கமெல்லாம் அந்த வழியாக மேலே ஏறிப்போகும். ஏறுகிற காற்றில் இலைகள் சலசலவென்று ஆடும். கொஞ்ச நேரத்தில் பலகை தானே மூடிக்கொள்ளும். அதே ஆள் அங்கேயே நின்றால் மறுபடி திறக்காது. அவர் நகர்ந்து, இன்னொருத்தர் வரவேண்டும், இல்லை அவரே போய்த் திரும்பி வரவேண்டும்.

"ஒருத்தரே நின்னு எல்லாக் காத்தையும் வாங்கிக்கக் கூடாதுல்ல" என்றார்.

அந்தச் சுவரின் நடுவில் ஒரு சின்னப் பித்தளை வளையம். வளையத்துக்குள் துவரம்பருப்பு அளவு கண்ணாடி. அதை எந்த உயரத்தில் வைப்பது என்று பார்க்க என்னைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, என் நெஞ்சுக்குழிக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். கட்டடத்தில் நான்தான் எல்லாரையும் விடக் குள்ளம். "உங்களுக்குச் சரியா இருந்தா எல்லாருக்கும் சரியா இருக்கும்" என்றார். வளையத்தைப் பதித்ததும் மேஸ்திரி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "சுவத்துக்குப் பொட்டு வெச்சுட்டீங்க. இனிமே மாப்ள பாக்க வேண்டியதுதான்" என்றார். வளையம் பதித்தவருக்கு அந்தப் பேர் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எல்லாருக்கும் அது பொட்டுதான். "பொட்டைத் துடைச்சீங்களா?" "பொட்டுக்கு ஒயர் போட்டாச்சா?"

அது எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதிரே நிற்பவரின் நிழல் விழுந்தால் அதை வைத்துத்தான் ஆள் வந்திருப்பது சுவருக்குத் தெரிகிறது, அந்தக் கண்ணாடிதான் பார்க்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

திறப்பு விழாவுக்கு ஒருவாரம் முன்பு கம்பெனிப் பெரியவர் வந்தார். மேனேஜர் அந்தச் சுவரை அடைத்துவிட்டுக் கல் பதித்துக் கம்பெனி பேரை எழுதலாம், ஹாலுக்கு ஏ.சி. போட்டுவிடலாம் என்று அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு வருஷமா நீ பண்ணியிருக்கேம்மா. நான் இல்லேன்னு சொல்லலை. விழா அன்னிக்கு வர்றவங்க முன்னாடி வேலை செஞ்சா சுவர் இருக்கட்டும். அடுத்த கட்டடமும் நீயே பண்ணு. செய்யலைன்னா இவர் சொல்றபடி அடைச்சுடுவோம்."

"செய்யும் சார்" என்றார் அவர். அந்த வாரம் பூராவும் நான் எப்போது அந்தப் பக்கம் போனாலும், "அக்கா, ஒரு தடவை வந்து நின்னுட்டுப் போங்க" என்பார். நிற்பேன். இலைகள் ஆடும். ஒருதடவைகூடத் தவறவில்லை.

விழா அன்று காலையில் பூஜை. மேனேஜர் என் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தார். சந்தனமும் குங்குமமும். "வாசல், கதவு, லிப்டு, மோட்டார் ரூம், சுவிட்சு போர்டு, ஒண்ணு விடாமப் பொட்டு வெச்சுடு" என்றார்.

எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தேன். மோட்டாருக்கு வைத்தேன், பால் காய்ச்சுகிற ஸ்டவ்வுக்கு வைத்தேன். ஹாலுக்கு வந்ததும் எதிரே அந்தச் சுவர் நின்றது. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு அதை மட்டும் விட்டால் மூளியாக இருக்காதா? அவர் ரெண்டு வருஷம் சாப்பிடாமல் கொள்ளாமல் செய்தது. இன்றைக்குத்தான் அதற்கு நல்லது கெட்டது தெரியப்போகிறது. மற்றதற்கெல்லாம் விரலால் தொட்டு இழுத்துவிட்ட நான், இதற்கு மட்டும் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சந்தனத்தைக் கெட்டியாக எடுத்தேன். எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வளையத்துக்கு நடுவில் கண்ணாடி மறைகிற மாதிரி சந்தனம், அதன் மேல் குங்குமம். நல்லபடியா நடக்கணும் என்று மனசுக்குள் சொல்லிக் கும்பிட்டேன்.

இலைகள் ஒருதரம் சலசலவென்று ஆடி அடங்கின. அதையும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்தார்கள். அவர் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால். அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார், கொண்டையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பதில் பூ. விருந்தாளியைப் பெரியவர் சுவருக்கு எதிரே கூட்டிவந்து நிறுத்தினார். இலை அசையவில்லை. இன்னொருத்தரை நிற்கச் சொன்னார். அசையவில்லை. கையை ஆட்டிப் பார்த்தார்கள். விருந்தாளி சிரித்துக்கொண்டே, "உங்க இலைக்கெல்லாம் இன்னிக்கு ஞாயித்துக்கிழமை போலிருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

அவர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். யாரும் கூப்பிடாமல் கூட்டத்துக்கு நடுவே அவர் வந்து நின்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சுவருக்குக் கிட்டே போனார், குனிந்தார். அப்படியே நின்றார். பிறகு திரும்பி, முதுகால் அந்தப் பொட்டை மறைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடியது அவர் பார்வை. கடைசியில் வாசலோரம் தாம்பாளத்தோடு நின்ற என்னிடம் வந்து நின்றது. என் விரலில் சந்தனம் காய்ந்திருந்தது.

"என்ன ஆச்சு மேடம்?" என்று மேனேஜர் கேட்டார். "யாராவது கையைக் கிய்யை வெச்சாங்களா?"

"இல்ல சார்" என்றார் அவர். "என் தப்பு. நான் போட்ட அளவு சரியில்ல."

"நேத்து வரைக்கும் செஞ்சுதே?"

"என் தப்புதான் சார்."

பெரியவர் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் வெச்சேன், தெரியாம வெச்சுட்டேன். அவ்வளவுதானே? வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. வீட்டு வாடகை ஞாபகம் வந்தது. எத்தனையோ வருஷமாக நாலு பேர் முன்னால் திறக்காத வாய், அன்றைக்கும் திறக்கவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு அவர் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையோடு வந்து பொட்டைத் துடைத்தார். நான் வாசலிலேயே நின்றேன். துடைத்துவிட்டு நகர்ந்து போய்த் திரும்பி வந்து நின்றார். காலி ஹாலில் இலைகள் எல்லாம் ஆடின.

"சந்தனம் நல்லா அரைச்சிருக்கீங்கக்கா" என்றார் என்னைப் பார்க்காமல். "காஞ்சும் உதிரலை."

பெரியவரை மறுபடி ஒருதடவை வந்து பார்க்கச் சொல்லி மூன்று நாள் நடந்தார். பெரியவர் வரவில்லை. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இலைகளைக் கழற்றிக்கொண்டு போக அவரேதான் வந்தார், ஒரு சாக்கோடு. ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் கீழே நின்று வாங்கி வாங்கிச் சாக்கில் போட்டேன். அன்றைக்காவது சொல்லிவிடவேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தையைக் கோத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு இலை வாங்கும்போதும் அடுத்த இலைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இலை தீர்ந்துவிட்டது. இறங்கி வந்து, கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கடைசியாக அந்த வளையத்தைக் கழற்றினார்.

"எல்லாரும் இதை எப்படித் தொடுவாங்கன்னு ரெண்டு வருஷம் யோசிச்சேன்க்கா" என்றார். "கும்பிடுவாங்கன்னு யோசிக்கவே இல்ல."

கோபம் துளிக்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் இத்தனை வருஷமாகியும் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுகையோடு அந்த வார்த்தையும் வெளியே வந்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்தார். வாளியில் தண்ணீர் பிடித்துத்தான் கழுவினார். சாக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

சுவரை அடைத்துக் கல் பதித்தார்கள். முதலில் ஹாலுக்கு ஏ.சி., அப்புறம் மாடிக்கு ஏ.சி. பொத்தல் சுவருக்கெல்லாம் உள்பக்கம் கண்ணாடி போட்டார்கள். அவர் சொன்ன ஆறு மாசம்கூட ஆகவில்லை. அந்தச் சிவப்புப் பந்து மட்டும் கொஞ்ச நாள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு குழாய்க்குள் பாசி பிடித்துவிட்டது.

நாலைந்து வருஷம் கழித்து, தீபாவளிக்கு முன்னால், தங்கச்சியோடு தி. நகருக்குப் போனேன். ஒரு ஜவுளிக்கடை வாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தால் பாவாடை தாவணி கட்டிய ஒரு பொம்மை, எட்டு வயதுப் பெண் அளவு. யாராவது எதிரே போய் நின்றால் கையைக் கூப்பிக் குனிந்து கும்பிடுகிறது. கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து அப்படியே நின்றுவிடுகிறது. அந்த ஆள் நகர்ந்து அடுத்தவர் வந்ததும் மறுபடி கும்பிடுகிறது. பக்கத்தில் ஒரு போர்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். தொடாதீர்கள்.

கூட்டத்தோடு நகர்ந்து நானும் அதன் எதிரே வந்துவிட்டேன். பொம்மையின் நெற்றியில் பித்தளை வளையம். அதற்குள் துவரம்பருப்பு அளவு கண்ணாடி. இந்தமுறை பொட்டு வைக்கிற இடத்திலேயே அதை வைத்துவிட்டார். இனி யாரும் அதற்கு மேல் இன்னொன்று வைக்கமாட்டார்கள். அந்தப் பொட்டு சரியாக என் நெஞ்சுக்குழிக்கு நேராக இருந்தது.

பொம்மை என்னைப் பார்த்துக் கும்பிட்டது.

வாசலில் நின்ற கடைக்காரரிடம் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக வாய் திறந்து கேட்டது என் ஆயுசில் அதுதான்.

"இத்த செஞ்சாங்களே, அவங்க எங்க கீறாங்க?"

"யாரோ ஒரு லேடிம்மா. போர்டு வெக்கவே வாணாம்னு ஒரே சண்டை. போன மாசம் ரிப்பேருக்கு ஆள் அனுப்பினோம். அவங்க இல்லன்னுட்டாங்க வீட்ல."

ஊரில் இல்லையா, உயிரோடு இல்லையா என்று கடைக்காரர் சொல்லவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா, இன்னா அங்கயே நின்னுட்ட? பின்னால ஜனம் நிக்குது பாரு" என்று தங்கச்சி இழுத்தாள். யாரோ ஒரு அம்மா, "ஆயா, நவுரு, கொயந்த பாக்கணும்" என்றாள்.

நான் நகரவில்லை. நகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தால் அது மறுபடியும் என்னைக் கும்பிடும். கும்பிட வேண்டியது நான். கையைக் கூப்பி, கூட்டத்துக்குக் கேட்காமல், அந்தப் பொட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான்தான் வெச்சேன்" என்றேன்.